அசோஸ்பைரில்லம்: 200 கிராம் பொட்டலமா, பாட்டிலா?

வேளாண் டிப்போவில் விதை நெல்லோடு சேர்த்துக் கொடுக்கும் கறுப்புத் தூள் பொட்டலம் பாதி வீடுகளில் மோட்டார் ரூம் பரணில்தான் கிடக்கிறது. சரக்கில் குறையில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துப் பயிருக்குத் தரும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவைப் பழுப்பு நிலக்கரித் தூளில் உயிரோடு ஏற்றியது அது. தகரக் கூரைச் சூட்டில் ஒரு மாதம் கிடந்தால் மிஞ்சுவது வெறும் கரித்தூள்.

வாங்கும்போது முதலில் தேதி. பொட்டலத்துக்கு ஆயுள் ஆறு மாதம், பாட்டிலில் வரும் திரவத்துக்கு ஒரு வருடம். அடுத்தது எண்ணிக்கை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூளில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிரணு இருக்க வேண்டும். அது அச்சிடாத பாட்டிலைத் தொடவே வேண்டாம். தூளில் 30 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். பொட்டலத்தை அழுத்தினால் பொதபொதவென்று இருப்பது நல்லது, கட்டியாக இறுகியிருந்தால் காய்ந்துவிட்டது. பாட்டில் உப்பியிருந்தாலோ அழுகல் நாற்றம் வந்தாலோ வேறு கிருமி புகுந்திருக்கிறது.

நடவு வயலுக்கு ஏக்கருக்கு நாலு பொட்டலம், அல்லது 200 மில்லி திரவம் என்பது பரிந்துரை. கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும்: குறைந்தபட்ச அளவிலேயே பார்த்தால் நாலு பொட்டலத்தில் 4,000 கோடி, 200 மில்லியில் 2,000 கோடிதான். ஆகவே பாட்டிலில் எண்ணிக்கை அதைவிடத் தாராளமாக இருந்தால்தான் கூடுதல் விலைக்கு அர்த்தம். புதிதாக வந்த பொட்டலம் கிடைக்கும் இடத்தில் நெல்லுக்குப் பொட்டலமே போதும். சொட்டுநீர்ப் பாசனத்தில் மட்டும் திரவத்தை விட்டால் வழியில்லை. தூள் வடிகட்டியையும் சொட்டுவானையும் அடைத்துவிடும். குழாய் அடைப்பை நீக்க ஆசிட் விடும் நாளில் இந்தத் திரவத்தை விடக் கூடாது.

நெல்லுக்கு அதிகம் பலன் தருவது வேர் நனைப்புதான், அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஏக்கருக்கு இரண்டு பொட்டலத்தை 16 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிடுங்கிய நாற்றின் வேர் மட்டும் முங்குகிற மாதிரி 15 முதல் 30 நிமிடம் வைத்து, உடனே நடவும். வாளி வெயிலில் நிற்கக் கூடாது. வயலுக்கு நாலு பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண்ணோடு கலந்து, நடவுக்கு முன் ஈரத்தில் சாயங்காலம் தூவினால் நல்லது. மக்காத சாணியில் கலந்தால் அதன் சூடே கொன்றுவிடும். மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவை இதோடு அதே அளவில் சேர்க்கலாம், சண்டை வராது.

கெடுப்பது எது? யூரியா, டிஏபியோடு ஒரே கூடையில் போட்டுக் கலப்பது. அந்த உரங்களின் உப்பு, உயிரணுவில் இருக்கும் நீரை உறிஞ்சிவிடும். அடுத்தது விதை நேர்த்தி. கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி போட்ட விதைக்கு 24 மணி நேரம் கழித்துத்தான் இதைப் பூச வேண்டும். பூசுவதற்கு ஆறின அரிசிக் கஞ்சி. சூடான கஞ்சி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், சொன்னால் சிரிப்புதான் வரும். நிழலில் அரை மணி உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

பயன் என்ன? தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம் என்பதே வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. யூரியாவே வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பதோடு இது வேரைத் தூண்டும் சுரப்பையும் தருகிறது, அதனால் இலையில் பச்சை ஏறுவதை மட்டும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு பாத்தியில் மட்டும் இதைப் போடாமல் விட்டு, முதல் மேலுரத்துக்கு முன் இரு பக்கமும் ஒரு குத்து பிடுங்கி அலசி, சல்லிவேரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உளுந்து, நிலக்கடலைக்கு இந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். பயறு வகைகளின் வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவைக் கேளுங்கள், அதிலும் அந்தந்தப் பயிருக்கென்று உள்ளதை வாங்குங்கள். விதைத்து 30 முதல் 40 நாளில் வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவந்திருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை.