திரிபோஷாவா, சத்துமாவா, இலைக்கஞ்சியா? பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக் கணக்கு

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுப்பது என்று கேட்டால், திருகோணமலையில் வீட்டுக்கு ஒரு பதில் வரும். "கிளினிக்கில தந்த திரிபோஷா கிடக்கு" என்பார் ஒருவர். மில்லில் கொடுத்துத் திரித்த சத்துமாவுக்கு நிகரில்லை என்பார் அம்மம்மா. இலைக்கஞ்சி குடித்துத்தானே நாங்கள் வளர்ந்தோம் என்பார் அப்பம்மா. எட்டு மணிக்கு வேலையில் கையெழுத்துப் போட வேண்டிய தாய், பெட்டியைத் திறந்து செரியலைக் கரைப்பார். ஒன்றுக்கும் வழியில்லாத காலையில் தேத்தண்ணீரில் தோய்த்த விசுக்கோத்து.

இந்த ஐந்தோடு, வீட்டில் எல்லாருக்கும் அவிக்கிற பிட்டையும் இடியப்பத்தையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்குக் குறைந்த வயதென்றால் கணக்கு வேறு: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு தாய்ப்பாலோடு மசித்த உணவு. ஒரு வயதாகும் வரை அதில் உப்பு, சீனி, தேன் மூன்றும் வேண்டாம். சத்து எவ்வளவு என்பதோடு இன்னொன்றையும் பார்க்கிறேன். காலை ஆறரைக்கு அடுப்படியில் நிற்பவர் யார், அவரால் எது முடியும்? தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவின் கையில் என்று ஓடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அங்கே இந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும்.

திரிபோஷாவிலிருந்து தொடங்குவோம், அது காசில்லாமல் கிடைப்பது. 1973 இல் ஆரம்பித்த அரசாங்கச் சத்துணவுத் திட்டம். ஜா-எல தொழிற்சாலையில் தயாராகிறது. சோளமும் சோயாவும் சேர்த்து, விட்டமின்களும் இரும்பு முதலான கனியுப்புகளும் கலந்த மா. முன்கூட்டியே வேகவைத்தது என்பதால் அடுப்பே தேவையில்லை. கொதித்தாறிய தண்ணீரில் குழைத்தால் சரி. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுப்பதற்கென்று வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்பது கணக்கு. 750 கிராம் பைக்கற் ஒன்று பதினைந்து நாளுக்கு வரவேண்டும்.

வருகிறதா? பெரும்பாலான வீடுகளில் வராது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால் அந்த வாசத்துக்கு வீடே கூடிவிடும். அண்ணனுக்கு இரண்டு, அக்காவுக்கு இரண்டு, பின்னேரத் தேத்தண்ணீரோடு அப்பாவுக்கும் ஒன்று. ஐந்து பேர் சமமாகப் பங்கு போட்டால் பைக்கற் மூன்று நாளில் காலி, யாருக்காகத் தந்தார்களோ அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது மூன்று நாள் பங்கு. அடுத்த மாதம் கிளினிக்கில் நிறை பார்க்கும்போது பிள்ளையின் அட்டையில் வளர்ச்சிக் கோடு ஏறாமல் நிற்கும்; "மிஸ், நீங்க தந்ததத்தான் குடுக்கிறன்" என்று தாய் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் திரிபோஷா பிள்ளைக்கு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் பைக்கற் எத்தனை நாள் நின்றது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரே வழி, பிள்ளையின் பைக்கற்றை மூடியுள்ள தனி டப்பாவில் கொட்டி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது உருண்டை பிடித்துக் கொடுப்பதுதான்.

இன்னொரு குறை, வரத்து. சில காலம் கிளினிக்கில் இருக்கும், சில காலம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். 2022 இல் சோளத்தில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நச்சு பற்றிய சர்ச்சை கிளம்பியதும் பலர் பயந்து நிறுத்தினார்கள். பயம் நியாயமானது. ஆனால் அதே ஆட்கள் வீட்டு மாவுக்கு மாறி, அதில் அந்த நச்சே வராது என்று நினைத்துக்கொண்டதுதான் எனக்கு விளங்காதது.

சத்துமாவைப் பார்ப்போம். சிவப்பரிசி, பயறு, உளுந்து, கடலை, குரக்கன், கொஞ்சம் சோளம், கொஞ்சம் கச்சான் (நிலக்கடலை). ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, மில்லில் திரிப்பது. வீட்டுக்கு வீடு அளவு மாறும். அரிசியும் பருப்பு வகையும் சேரும்போது புரதம் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அரிசி இதில் கிட்டவும் வராது. ருசியும் நம்முடையது. திரிபோஷாவோடு ஒப்பிட்டால் இது தோற்கும் இடம் ஒன்றுதான்: விட்டமினும் இரும்பும் யாரும் வெளியிலிருந்து சேர்க்கவில்லை. நிறை குறைந்த பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது. நிறை சரியாக உள்ள, முட்டையும் மீனும் தின்கிற பிள்ளைக்கு அவ்வளவு பெரிதில்லை.

பூஞ்சைக் கதைக்கு வருகிறேன். கச்சானும் சோளமும் ஈரம் பட்டால் அந்த நச்சு அங்கேயும் வரும். வறுத்தாலும் காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. ஆகவே சுருங்கின, நிறம் மாறின, கசக்கிற கச்சானைப் பொறுக்கி எறிய வேண்டும். தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் மா ஒரு மாதம் நிற்கும். வாடை மழை தொடங்கிவிட்டால் அரைக் கிலோவுக்கு மேல் திரிக்காதீர்கள், இரண்டு கிழமைக்குள் முடியுங்கள். மில்லில் இன்னொரு சங்கதி: மிளகாய்த்தூள் திரித்த கையோடு உங்கள் மாவைப் போட்டால், ஒரு வாய் தின்ற பிள்ளை பிறகு அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே ஓடும். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. முடியாவிட்டால் ஒரு கை பச்சையரிசியை முதலில் ஓடவிட்டு அதை ஒதுக்கச் சொல்லுங்கள்.

நேரம் உள்ளவர்கள் பயறையும் குரக்கனையும் முளைகட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வறுத்துத் திரிக்கலாம். முளைகட்டும்போது மாச்சத்து கொஞ்சம் உடைவதால் அந்த மாவில் காய்ச்சும் கூழ் அவ்வளவு இறுகாது. அதே கிண்ணத்தில் கூட மா போடலாம். சின்ன வயிற்றுக்கு இது பெரிய லாபம். பயறில் உள்ள இரும்பையும் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கடும் வறுவல் வேண்டாம், கருகினால் இந்த நன்மை போய்விடும்.

இலைக்கஞ்சிக்கு நம் ஊரில் உள்ள மரியாதை தனி. முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை என்று வளவிலும் வேலியிலும் கிடைப்பதை ஆய்ந்து, சாறெடுத்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு சேர்ப்பது. இலையில் உள்ள கரோட்டினை உடம்பு எடுக்கக் கொழுப்பு வேண்டும், அதைத் தேங்காய்ப்பால் கொடுக்கிறது. இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிந்தால் அந்தப் புளிப்பு இலையின் இரும்பு உடம்பில் சேர உதவும். கொதிக்கும்போது பிழிந்தால் விட்டமின் சி வீணாகும். எல்லாம் சரி. ஆனால் பெரியவர்களுக்குக் குவளையில் ஊற்றுகிற அந்தத் தண்ணிக் கஞ்சியையே பிள்ளைக்கும் கொடுத்தால் வயிறு நிறையும், சக்தி சேராது. ஒன்றரை வயதுப் பிள்ளை அரைக் குவளை கஞ்சி குடித்துவிட்டு வேறெதுவும் வேண்டாம் என்று தலையை ஆட்டும், பத்து மணிக்குச் சிணுங்கும். சோற்றை நன்றாக மசித்து, ஒரு பிடி அவித்த பயறும் சேர்த்து, கரண்டியைச் சரித்தால் ஒழுகாத பதத்தில் கொடுங்கள். அப்போதுதான் இது காலைச் சாப்பாடு; இல்லாவிட்டால் அது ஒரு பானம். கிழமையில் இரண்டு மூன்று நாள் போதும்.

பெட்டிச் செரியலைத் திட்டுவது சுலபம், நான் திட்டமாட்டேன். குழந்தைகளுக்கென்று வருகிறவற்றில் பெரும்பாலும் இரும்பு சேர்த்திருப்பார்கள், அது உண்மையான நன்மை. கொழும்புக்கு இரவு ரயிலில் போகிற நாளில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் இருந்தால் வேலை முடிந்தது. விலையும் இனிப்பும்தான் இடிக்கின்றன. தினமும் இனிப்பில் பழகிய நாக்கு பிட்டைத் தள்ளிவிடும். வாங்கும்போது பெட்டியின் பின்பக்கம் 100 கிராமில் எவ்வளவு சீனி என்று பாருங்கள். விசுக்கோத்து போன்ற திட உணவுகளுக்கு இலங்கையில் நிறக் குறியீடு உண்டு: 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. மோல்ட் பானங்களிலும் சீனி எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். "உயரமா வளர" என்று விளம்பரத்தில் சொல்வதை விட்டுவிட்டு அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

விசுக்கோத்தும் தேத்தண்ணீரும் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மா, சீனி, எண்ணெய், மேலே ஒரு சீனித் தண்ணீர். கூடவே தேயிலையில் உள்ள தனின், சாப்பாட்டில் கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைக்குத் தேத்தண்ணீரே தேவையில்லை. தாத்தா மடியில் வைத்துப் பழக்கிவிட்டாரென்றால், குறைந்தது சாப்பாட்டோடு சேராமல் ஒரு மணித்தியாலம் தள்ளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள். பாணை இதோடு சேர்த்துப் பழி சொல்ல வேண்டாம். சீனக்குடா பிறீமா ஆலை மாவில் சுட்ட பாணாக இருந்தாலும் வேறெந்தப் பாணாக இருந்தாலும் தனியே தின்றால் வெறும் மாச்சத்து. பருப்பும் அவித்த முட்டையும் சேர்ந்தால் மரியாதையான சாப்பாடு.

என் தெரிவு ஆறாவதுதான். இடியப்பம் இரண்டை உதிர்த்து, மிளகாய் போடாத பால்சொதியில் ஊறவிட்டு, முள்ளெடுத்த சூடை மீனோ ஒரு முட்டையோ மசித்து ஊட்டுங்கள். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு மீன் கொடுக்கப் பயப்படுவது வேடிக்கை. கீரி, சூடை போன்ற சின்ன மீன்கள் பெரிய மீனைவிட மலிவு, புரதத்தில் குறைவில்லை. மீனில் உள்ள இரும்பு இலையில் உள்ளதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்கப் பொறுமை வேண்டும், அது இதன் விலை. பிட்டு உலர்ந்திருந்தால் தொண்டையில் அடைக்கும், வாழைப்பழம் பிசைந்து கொடுங்கள். முழுக் கச்சான் மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து உண்டு. எருமைத் தயிரை மத்தியானச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், சீனியோ பாணியோ இல்லாமல்.

இதில் அடுப்படியில் நிற்பவருக்கும் லாபம் இருக்கிறது. பிள்ளைக்குத் தனிச் சமையல் இல்லை, வீட்டுச் சட்டியிலிருந்து மிளகாய் போடுமுன் ஒரு பங்கை எடுத்து வைப்பது மட்டும்தான். பெரும்பாலான தாய்மார் பிள்ளை மிச்சம் வைத்ததைத் தின்று, வெறும் தேத்தண்ணீரில் காலையை ஓட்டுகிறார்கள். ஒரே சாப்பாடு என்றால் அவரும் பக்கத்தில் கோப்பையோடு இருந்து தின்னலாம். பிள்ளை பார்த்துப் பழகுவதும் அப்போதுதான். நிறை குறைந்த பிள்ளைக்கு இதற்கு மேலதிகமாகத் திரிபோஷா இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று என்று தெரிவு செய்யக் கூடாது.

ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஊட்டினால் எந்தக் கிண்ணமும் காலியாகும், உண்மைதான். ஆனால் வயிறு நிறைந்ததைப் பிள்ளை கவனிக்காது, நாளைக்கு ஃபோன் இல்லாமல் வாயும் திறக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னபடி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். அதைச் சாப்பாட்டு நேரத்தில் செலவழிக்க வேண்டியதில்லை. கையை சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிலத்தில் பாய் போட்டு முகம் பார்த்து இருந்து ஊட்டுங்கள். வீடு முழுக்கக் கிண்ணத்தோடு துரத்த வேண்டாம். அரை மணித்தியாலத்தில் முடியாவிட்டால் கோப்பையை எடுத்துவிடுங்கள். முன்பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கும் பெட்டியில் அன்றைக்கு அவித்த பயறைக் கொஞ்சம் கூடப் போட்டால் சரி.