கக்கதாசபுராவில் ஒரு குழந்தைகள் காப்பகம்: பதினான்கு மாத அனுபவம்

என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. பெங்களூரு கக்கதாசபுரா ரயில்வே கேட்டுக்கு அப்பால், ஒரு தனி வீட்டின் தரைத்தளத்தில் நடக்கும் இந்தக் காப்பகத்துக்கு அவள் பதினான்கு மாதங்களாகப் போய் வருகிறாள். அதற்கு முன் ஐந்து மாதங்கள் வேறொரு காப்பகத்தில் இருந்தாள். அதைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். என் அலுவலகம் உடன்பாடு செய்துகொண்டிருந்த அந்தப் பழைய காப்பகத்தில் கைபேசியிலேயே பார்க்கும்படி சிசிடிவி, வாரந்தோறும் மாறும் உணவுப் பட்டியல், பளபளக்கும் தரை எல்லாம் இருந்தன. ஆயினும் ஐந்து மாதங்களில் என் மகளைக் கவனித்துக்கொண்ட ஆயா நான்கு முறை மாறினார். நான்காமவர் வந்த வாரத்திலிருந்து அவள் அங்கே பகலில் தூங்குவதை நிறுத்திவிட்டாள். இரவில் என் கழுத்துச் சங்கிலியைக் கெட்டியாகப் பிடித்தபடிதான் கண் மூடினாள். சட்டம் தந்த அந்த உரிமையில் ஒரு நாள் மதியம் சொல்லாமல் போனேன். ஓர் ஆயா, அழும் குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் நின்றவாறே டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தையைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சிசிடிவியில் நான் எத்தனையோ முறை பார்த்திருப்பேன். என் மகளை மட்டுமே தேடிய கண்ணுக்கு அவர் தென்படவில்லை.

எனவே இங்கே முதல் நாள் வந்தபோது பொம்மைகளைப் பார்க்கவில்லை; இங்கு வேலை செய்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். ஒன்பது பேரில் ஆறு பேர் மூன்றாண்டுகளுக்கு மேலாக இருப்பவர்கள் என்றார் நடத்துபவர். பிறகு சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையைத் திறந்து காட்டினார்: ஒரு பாய், ஒரு மின்விசிறி, ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அலமாரி. மதியம் ஒருவர் மாற்றி ஒருவராக அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் யார் மடியிலும் குழந்தை இருக்கக்கூடாது என்பது இங்கே விதி. நான் அங்கேயே முன்பணம் கட்டிவிட்டேன்.

இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு இங்கே ஓர் ஆயா. இங்கிலாந்தில் அந்த வயதில் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அத்துடன் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கவும் வேண்டும். எண்ணிக்கையில் இந்தக் காப்பகம் ஒரு படி கீழேதான். ஆனால் பொறுப்பாளர் முறையை இவர்கள் உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். டயப்பர் மாற்றுவது, சோறூட்டுவது, தூங்க வைப்பது எல்லாவற்றையும் என் மகளுக்கு ஒரே பெண்மணிதான் செய்கிறார். அவளுக்கு அவர் ‘அக்கா’. தமிழுக்கும் கன்னடத்துக்கும் அந்தச் சொல் பொதுவாக இருப்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. முதல் வாரம் முழுவதும் நானும் கூடவே இருக்க வேண்டும், இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம் மட்டுமே விட்டுப் போகலாம் என்றபோது, விடுப்பு கரைகிறதே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு அந்த அக்காவின் தாயார் இறந்துவிட்டார். பத்து நாள் விடுப்பு, சம்பளப் பிடித்தம் இல்லை. ஏற்கெனவே மகளுக்குப் பழக்கமான இன்னொருவரைத்தான் அவள் பொறுப்பில் வைத்தார்கள். அக்கா திரும்பி வந்த நாளன்று இவள் அவரிடம் போக மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. குழந்தையின் பிணைப்பைப் பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக அறிக்கை எழுதியது 1951இல். பிணைப்பின் மறுமுனையில் இருக்கும் பெண்ணின் ஊதியத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் ஊழியர்களுக்கும் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 வரை ஆயிற்று.

குறைகளும் உண்டு. மாதக் கட்டணம் 16,500 ரூபாய். அலுவலக உடன்பாட்டில் இது இல்லாததால் முழுவதும் என் கையிலிருந்து. மாலை 6.30க்குப் பிறகு ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 200 ரூபாய் தாமதக் கட்டணம். ரயில்வே கேட் மூடியிருந்தது என்றால் எடுபடாது. இதற்காக இரண்டு முறை வாதாடியிருக்கிறேன். அந்தத் தொகை அப்படியே காத்திருக்கும் ஆயாவுக்குப் போகிறது என்று அறிந்த பிறகு வாதாடுவதில்லை. மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நிற்பதால் பிள்ளைகள் வெளியே போக முடிவதில்லை. அந்த நாட்களில் தொலைக்காட்சியில் பாட்டுப் போடுகிறார்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வழிகாட்டுதல். அரை மணி நேரம்தானே என்கிறார் நடத்துபவர். பெரிய பிள்ளைகளுக்கு அது சரி. அதே கூடத்தில் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதால் அந்தச் சமாதானத்தை நான் இன்னும் ஏற்கவில்லை.

தமிழ் பேசுபவர் சமையல்காரம்மா ஒருவர்தான், கிருஷ்ணகிரிக்காரர். வீட்டில் நான் பருப்புச் சோறு பிசைந்தால் என் மகள் ‘வேண்டாம்’ என்பதைக் கன்னடத்தில் ‘பேடா’ என்கிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை, மாமியாருக்கு உண்டு.

இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு எட்டு இடங்களே இருப்பதால் நாங்கள் இரண்டு மாதங்கள் காத்திருந்தோம். பார்க்க வருபவர்கள் மதியம் ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் வாருங்கள்; பின்னறையைக் காட்டச் சொல்லுங்கள்.