டூர் பேக்கேஜில் ‘இன்சூரன்ஸ் உட்பட’ என்றால் பாலிசியைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்

சேலத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர் டூர் கிளம்புகிறவர்கள், முக்கியமாக வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸ். மனு போட்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. டிராவல் இன்சூரன்ஸுக்கு என்று தலைக்கு 2,400 ரூபாய் தனியாக வாங்கினார்கள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார் என்று என் மனைவி அங்கேயே சொன்னாள். “அதெல்லாம் கவர் ஆயிடுங்க்கா, நீங்க துணிமணியை மட்டும் எடுத்து வைங்க” என்றார் கவுண்டரில் இருந்த பையன். பாலிசி எங்கே என்றால், கிளம்புகிற அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடுமாம். வந்ததோ ஒரே ஒரு படம். பெயர், பாஸ்போர்ட் எண், கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

பத்துமலையில் 272 படியையும் அத்தை வேண்டுதல் என்று செருப்பில்லாமல் ஏறினார். (அங்கே முருகன் சிலை 140 அடி. நம் ஏத்தாப்பூர் முத்துமலை முருகன் 146 அடி. அதை எத்தனை தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லை.) குதிகாலில் சின்னக் கீறல். சர்க்கரைக்காரர் காலில் அது சின்னதாக நிற்குமா? கால் வீங்கி, சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. கோலாலம்பூர் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் அட்மிஷன். இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் பெரும்பாலும் அவர்களே மருத்துவமனையோடு பேசிவிடுவார்கள். அந்தப் படத்தில் உதவி எண்ணே இல்லை. டிராவல்ஸுக்கு அடித்தால், “ஓனர் வெளியே போயிருக்காருங்க.” என் கிரெடிட் கார்டில்தான் கட்டினோம்.

ஊர் திரும்பி கம்பெனியிடமே முழு பாலிசியை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏற்கெனவே நோய் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’. மொபைல் எண்ணும் இமெயிலும் டிராவல்ஸுடையவை. அதனால் ஓடிபியும் போயிருந்தது அவர்களுக்கே. பிரீமியம் எங்களிடம் வாங்கியதில் பாதிகூட இல்லை. சர்க்கரையை மறைத்ததாகச் சொல்லி கம்பெனி கிளெய்மைத் தள்ளிவிட்டது.

இதைப் படித்துவிட்டு இன்சூரன்ஸே ஏமாற்று என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இங்கே எடுத்த மெடிக்ளெய்மும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வெளிநாட்டு பில்லுக்கு பொதுவாக உதவாது. ஐரோப்பா போவதென்றால் ஷெங்கன் விசாவுக்கே 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதனால் எடுத்துவிடுகிறோம். கட்டாயம் இல்லாத ஊர் என்றால் டிராவல்ஸ்காரர் கையில் விட்டுவிடுகிறோம். நீங்களே கம்பெனி தளத்தில், உங்கள் போன் நம்பர் போட்டு, வீட்டில் உட்கார்ந்து எடுங்கள். சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவு கவர் உண்டு என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். சில பாலிசிகளில் உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும்தான் தருவார்கள்.

அப்புறம், கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். டிராவல்ஸ் செய்த தில்லுமுல்லுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கேயும் கட்டணம் கிடையாது.

நாங்கள் இரண்டு இடத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். வாயால் சொன்னதற்கு சாட்சி இல்லை. ஆனால் ரசீதில் ‘இன்சூரன்ஸ் 2,400 x 3’ என்று அந்தப் பையன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான். டிராவல்ஸில் எது கட்டினாலும் இப்படிப் பிரித்து எழுதி வாங்குங்கள்.