திருத்தி வரும் தாளுக்குத்தான் காசு: கோலாலம்பூரில் பெரியவர்களுக்கான உயர்நிலை ஆங்கில வகுப்பு

வேலைக்குப் போகிறவர்களுக்கான உயர்நிலை ஆங்கில வாசிப்பு, எழுத்து வகுப்புகள் தலைநகரில் நிறையவே நடக்கின்றன. ஒரு பருவம் மட்டும் போய்விட்டு நின்றுவிடுகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தொடர்ந்து போனால்தான் எது தேறும், எது தேறாது என்று பிடிபடும். பாடநூல் எது, ஆசிரியர் வெள்ளைக்காரரா உள்ளூர்க்காரரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எழுதிக் கொடுத்த தாள் திருத்தப்பட்டுக் கைக்கு வருகிறதா, வந்ததைத் திரும்ப எழுதவைக்கிறார்களா, இந்த இரண்டையும் வைத்தே கட்டிய வெள்ளிக்குப் பலன் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

முதலில் நேரக் கணக்கு. உயர்நிலை என்று இங்கே சொல்வது பெரும்பாலும் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2-இலிருந்து சி1-க்கு ஏறுவதைத்தான். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் வழிகாட்டிக் கணக்கில், தொடக்கத்திலிருந்து மொத்தமாக, பி2-க்கு 500 முதல் 600 மணி நேரம், சி1-க்கு 700 முதல் 800 மணி நேரம். ஆக, ஒரு படி ஏற ஏறக்குறைய 200 மணி நேரம் ஆசிரியரோடு உட்கார வேண்டும். வாரம் இரண்டு மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம் என்றால் 50 வாரம் ஆகும். "12 வாரத்தில் அடுத்த நிலை" என்று விளம்பரம் சொன்னால் அது 48 மணி நேரம்தான். பொய் என்று சொல்ல மாட்டேன். பி2-இன் மேல் விளிம்பில் ஏற்கெனவே நிற்கிறவருக்கு நடக்கலாம். மற்றவர்கள் அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

சேர்வதற்கு முன் வைக்கும் நிலைத்தேர்வையும் கவனியுங்கள். விடையைத் தெரிவு செய்யும் இலக்கணக் கேள்விகளும் ஐந்து நிமிடப் பேச்சும் மட்டும் இருந்தால் அது எழுத்து வகுப்புக்கான தேர்வே இல்லை. நம் ஆட்கள் அலுவலகத்தில் இருபது வருடம் ஆங்கிலம் பேசியவர்கள். பேச்சில் சரளம் குறையாது. அதைக் கேட்டுவிட்டு மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். மூன்றாவது வாரம் ஓர் அறிக்கை எழுதச் சொல்லும்போதுதான் சிக்கல் வெளியே வரும். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதவைத்து, அதைப் பார்த்து இடம் கொடுக்கிற நிலையமாகப் பாருங்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள்.

வாசிப்புக்கு வருவோம். தெரியாத சொல்தான் தடை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. துணையில்லாமல் ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு. 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் ஆறு சொல் மட்டுமே புதிதாக இருக்கலாம். 15 ஆனால் 95 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும், அகராதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நகர முடியும். வீட்டில் படிக்க எதை எடுப்பது என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை: ஒரு பக்கம் படித்து, தெரியாததை அடிக்கோடிட்டு எண்ணிப் பாருங்கள். புதுச் சொற்களை எங்கே தொடங்குவது என்றால், 2000-ஆம் ஆண்டில் மொழி ஆய்வாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் தொகுத்த 570 சொற்குடும்பங்களின் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள் ஒரு குடும்பம்) கல்விசார் பட்டியல் இன்றும் நல்ல இடம். கல்வித்துறை எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அந்தப் பட்டியலுக்குள் அடங்கும்.

மீதிப் பாதி, எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பது. பிளாஸ்டிக் பைக்கு 20 சென் வசூலிப்பது சரியா என்று ஒரு கருத்துக் கட்டுரை என்று வையுங்கள். எழுதியவர் ஆதரிப்பவர். மூன்றாம் பத்தி 'அட்மிட்டட்லி' என்று தொடங்கி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அது சுமை என்று விரிவாகச் சொல்கிறது. நான்காம் பத்தி 'யெட்' என்று திரும்புகிறது. எழுதியவரின் நிலைப்பாடு என்ன என்று கேட்டால், மூன்றாம் பத்தியைப் பிடித்துக்கொண்டு "கட்டணத்தை எதிர்க்கிறார்" என்று பதில் எழுதுகிறவர்களே அதிகம். தமிழில் 'சுமைதான், ஆனாலும்' என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டு மறுத்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஒப்புதல் ஒரு முழுப் பத்தியை எடுத்துக்கொள்வதால், அது இன்னொருவர் வாதம் என்பதே மறந்துபோகிறது.

இதற்கு நல்ல வகுப்புகளில் ஒரு பயிற்சி உண்டு. ஒவ்வொரு பத்திக்கும் பக்கவாட்டில் இரண்டு குறிப்பு: இடது ஓரத்தில் பத்தி என்ன சொல்கிறது, வலது ஓரத்தில் அது என்ன வேலை செய்கிறது. 'ஏழைகளுக்குச் சுமை' என்பது இடது. 'எதிர்வாதத்தை ஒப்புக்கொள்கிறது' என்பது வலது. வலது ஓரம்தான் கை வராது. இரண்டு மாதமாவது எடுக்கும். ஆனால் அது வந்துவிட்டால் அலுவலக மின்னஞ்சலைக்கூட வேறு கண்ணால் படிப்பீர்கள். வாரம் ஒரு கட்டுரை இப்படிச் செய்தால் போதும். 'சீம்ஸ்', 'டென்ட்ஸ் டு', 'மே' போன்ற தயக்கச் சொற்களை வட்டமிடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 'காரணமாக இருக்கலாம்' என்று எழுதியவர் வாயில் 'காரணம்' என்று திணிப்பது சுருக்கம் எழுதும்போது அடிக்கடி நடக்கும் தவறு.

எழுத்தில் நம்மவர்களுக்கென்றே சில பிழைகள் இருக்கின்றன. 'ஏ', 'த' என்ற ஆர்ட்டிகல் சமாச்சாரம் முதலிடம். தமிழிலும் அப்படி ஒன்று கிடையாது, மலாயிலும் கிடையாது. இரண்டு மொழியில் வளர்ந்தவருக்கு இரட்டை இழப்பு. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, எழுதி முடித்தபின் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று மூன்று கேள்வி கேட்பது பலன் தரும்: எண்ணக்கூடியதா, ஒருமையா, எது என்று படிக்கிறவருக்குத் தெரியுமா. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் முன்னால் ஒன்றுமில்லாமல் தனியாக நிற்கக் கூடாது என்ற ஒரு சோதனையே நிறையப் பிடித்துக் கொடுக்கும். 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' (பன்மை 'எஸ்' சேராது), 'டிஸ்கஸ் அபௌட்' ('அபௌட்' வேண்டாம்) எல்லாம் இந்த ஊர் அலுவலகங்களில் எல்லா இனத்தாரும் எழுதுவதுதான். கேட்டுக் கேட்டுக் காதுக்குச் சரியாகப் பட்டுவிடும். எனவே காதை நம்பாதீர்கள்.

அடுத்தது எச்சங்களைக் கோக்கும் பழக்கம். 'வந்து, பார்த்து, பேசி, முடிவு சொல்லி' என்று தமிழில் ஒழுங்காக ஓடும் வாக்கியம், 'ஆன்ட்' போட்டு அப்படியே இறக்கினால் எது காரணம், எது விளைவு என்று தெரியாத நீளக் கயிறாகிவிடும். ஒரு வாக்கியத்தில் இரண்டாவது 'ஆன்ட்' வந்தால் நின்று உடைத்துப் பார்ப்பது நல்லது.

தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் பழக்கம் தனிக் கதை. செய்யுளும் மொழியணியும் உருப்போட்டு, பொருத்தமான இடத்தில் ஒரு குறளோ பழமொழியோ வைத்தால் புள்ளி கிடைத்த கை அது. ஆங்கிலத்திலும் 'இந்த நவீன உலகமயமாக்கல் காலத்தில்' என்று ஒரு முன்னுரையும், 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' என்று ஒரு முடிவும் தானாக வந்து விழும். உயர்நிலையில் இவை அலங்காரமாக எண்ணப்படுவதில்லை, இடத்தை அடைக்கிறவை என்றே எண்ணப்படும்.

அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவுக்கு மின்தூக்கி பற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொல்வார்கள். முதல் வரைவு பெரும்பாலும் இப்படிப் போகும்: பல ஆண்டாக இங்கே குடியிருக்கிறேன், பராமரிப்புக் கட்டணம் தவறாமல் கட்டுகிறேன், முதியவர்கள் சிரமப்படுகிறார்கள், ஆகவே தயவுசெய்து ஆவன செய்யவும். எந்தக் கட்டடம், எந்த மின்தூக்கி, எந்தத் தேதியிலிருந்து என்பது கடைசிப் பத்தியில் வந்தால் உண்டு. திருத்திய வரைவில் முதல் வாக்கியமே 'பி கட்டடத்தின் இரண்டாம் மின்தூக்கி 3-ஆம் தேதியிலிருந்து ஏழாம் மாடிக்கு மேல் போவதில்லை' என்று நிற்கும். இரண்டாவது வாக்கியம் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று சொல்லும். முதியவர்கள் அதற்குப் பிறகு வரலாம். கட்டணம் கட்டிய விஷயம் ஓர் அரை வாக்கியத்தில் அடங்கிவிடும். முதல் வரைவைவிட இது பாதி நீளம்தான். நாகரிகம் குறைந்துவிட்டதோ என்ற கூச்சம் பலருக்கு வரும். அதைப் பேசித் தீர்க்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

திருத்தம் ஏன் பல இடங்களில் தேய்ந்துபோகிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் 15 பேர், தாளுக்கு 12 நிமிடம் என்றால் ஒரு கட்டுரைக்கு மூன்று மணி நேரம். ஆசிரியருக்கு வகுப்பு நேரத்துக்கு மட்டும் ஊதியம் என்றால், ஐந்தாவது வாரம் தாளில் 'குட் எஃபர்ட்' என்ற இரண்டு சொல்தான் மிஞ்சும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. சேரும்போதே கேளுங்கள்: பருவத்தில் எத்தனை தாள் திருத்துவீர்கள், திருத்துகிறவர் பாடம் நடத்துகிறவர்தானா, அந்த நேரத்துக்கு அவருக்கு ஊதியம் உண்டா, இரண்டாம் வரைவையும் பார்ப்பாரா. மழுப்பலான பதில் வந்தால் எழுந்துவிடலாம். மொத்தக் கட்டணத்தை மணி நேரத்தால் வகுக்காமல், திருத்தப்படும் தாள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில சமயம் விலை கூடியதாக இருக்கும்.

திருத்தும் முறையிலும் நயம் உண்டு. முதல் வரைவில் கருத்தும் வரிசையும் மட்டும், இலக்கணம் இரண்டாம் வரைவில். அழிக்கப்போகிற வாக்கியத்தில் காலப்பிழையைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? இலக்கணப் பிழையையும் சரியான விடை எழுதிக் கொடுக்காமல், ஓரத்தில் குறியீடு மட்டும் போட்டுத் தருவது மேல். சிவப்பு மையில் முழுதாக எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினால் கை மட்டும்தான் வேலை செய்யும். குறியீடுகளைக் கணக்கெடுத்து, அதிகம் வரும் மூன்று பிழைகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடுத்த தாளைக் கொடுக்கும் முன் அந்த மூன்றை மட்டும் தேடுங்கள். பத்தையும் தேடப் போனால் ஒன்றும் கண்ணில் படாது.

ஒருவர் தாளை மற்றவர் பார்க்கும் பயிற்சி நம் மக்களிடம் எளிதில் எடுபடாது. இருபத்தைந்து வயதுப் பெண் கையில் ஐம்பது வயதுக்காரரின் கட்டுரையைக் கொடுத்தால், "நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அவரும் "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேம்மா" என்று பதிலுக்கு மடித்துக் கொடுத்துவிடுவார். கருத்துச் சொல்லச் சொல்லாமல் வேலை கொடுத்தால் நிலைமை மாறும்: இவர் வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுது, எந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது என்று குறி, எடுத்துக்காட்டு இல்லாத பத்தியைச் சொல். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதவைத்துக் கொடுப்பவர்கள் இப்போது எல்லா வகுப்பிலும் உண்டு. ஆசிரியருக்குக் கிடைப்பது செயலியின் பிழைகள். உங்கள் பிழைகள் உங்களிடமே பத்திரமாக இருக்கும். சொந்த வரைவை முடித்தபின், ஏன் மாற்றியது என்று விளக்கம் கேட்டுப் பயன்படுத்தினால் பரவாயில்லை.

தேர்வுக்காரர்கள் சேர்ந்த வகுப்பு வேறு வகை. மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) எழுத்துத் தாள் 75 நிமிடம், குறைந்தது 100 சொல்லில் ஒரு மின்னஞ்சல் அல்லது கடிதம், 250 சொல்லில் ஒரு கட்டுரை. வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் என்றால் 60 நிமிடத்தில் 150 சொல்லும் 250 சொல்லும், இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு. தேதி நெருங்கிய நான்கு பேர் இருந்தால் வகுப்பு முழுதும் அவர்கள் பக்கம் சாய்ந்து, வாசிப்புப் பயிற்சி மாதிரித் தாளாகிவிடும். தேர்வு வேண்டாதவர்கள் தேர்வுப் பெயரில்லாத குழுவைக் கேட்டு வாங்குங்கள்.

இடம் விஷயத்தில் பிரிக்பீல்ட்ஸ் வசதி. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். சாயங்கால மழையில் காரை எடுத்துக்கொண்டு ஏழு மணி வகுப்புக்கு வரப் பார்ப்பது வீண் வேலை. தோசையை வகுப்புக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு அனுமானக் கேள்விகளுக்கு விடை வராது.

கட்டணத்தை முதலாளியிடம் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மலேசியத் தொழிலாளர் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, தொழிலாளர் பயிற்சிக்கான எச்ஆர்டி கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) நிதிக்குக் கட்டுகின்றன. அது முதலாளியின் பணம், உங்கள் சம்பளத்தில் பிடிப்பதல்ல. பதிவு பெற்ற பயிற்சி நிலையம் என்றால் அந்த நிதியிலிருந்து செலவை ஈடுகட்ட வழி உண்டு. நீங்கள் வேலையில் எழுதும் அறிக்கை ஒன்றை இணைத்துக் காட்டினால் மேலாளரிடம் பேச்சு சுலபம். பாட அட்டவணை, கட்டண விவரம், பயிற்றுநர் விவரம் மூன்றையும் நிலையத்திடம் வாங்கி மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.