தையல் மிஷினுக்கு வீட்டில் எந்த இடம்? இடம் மாற்றி மாற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

வீட்டில் தையல் மிஷினை எங்கே போடலாம் என்று கேட்டால், "காலியாகக் கிடக்கும் இடத்தில் போடுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஒன்று அங்கே வெளிச்சம் இருக்காது, இல்லையென்றால் வெயில் தாங்காது, அதுவும் இல்லையென்றால் மழைக்கு ஒழுகும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் படுக்கையறை, மொட்டை மாடி, சாப்பாட்டுக் கூடம் எல்லாவற்றிலும் என் மிஷின் குடியிருந்திருக்கிறது. இப்போது வடபுறத் தாழ்வாரத்துக்கு வந்து சில வருடங்களாக அங்கேயே நிற்கிறது. அக்கம்பக்கத்தவர்களுக்கு ரவிக்கை, பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை, சேலைக்கு ஃபால்ஸ் என்று தினமும் ஓடுகிற மிஷின் இது. எப்போதாவது ஒரு கிழிசல் தைப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி தேவைப்படாது.

படுக்கையறைக்கு நல்ல பெயர் உண்டு. கதவைச் சாத்திக்கொள்ளலாம், மின்விசிறி இருக்கிறது, அலமாரி இருக்கிறது. ஆனால் நாம் வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கிறவர்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் குண்டூசி கீழே விழத்தான் செய்யும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, வேலை முடிந்ததும் தரையில் இழுத்துவிடுவேன். தரையில் கிடப்பதெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்; மெத்தை விரிப்பின் மடிப்பில் புகுந்தது வராது. நூல் பிசிறு தலையணை வரை போய்விடும். இரவில் மிஷின் ஓடினால் அருகில் ஒருவர் தூங்க முடியாது. அளவு கொடுக்க வருகிறவர்களைப் படுக்கையறைக்குள் அழைப்பதும் இரு பக்கமும் சங்கடம். குழந்தைத் துணி மட்டும் தைப்பவர்களுக்கு அந்த அறை போதும். தொழிலாகச் செய்பவர்களுக்கு ஒத்துவராது.

மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் பகல் முழுவதும் உட்கார முடியாத சூடு. பிறகு ஆனியும் ஆடியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் ஊரில் சும்மா வீசுவதில்லை. அம்மியே பறக்கும் என்கிறபோது காகிதத்தில் வெட்டி வைத்த கைப்பட்டியும் கழுத்தும் என்ன ஆகும்? அதைவிடப் பெரிய தொல்லை புழுதி. துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் எண்ணெயும் புழுதியும் பஞ்சும் சேர்ந்து பசைபோல் இறுகி, தையல் ஓட்டமே மாறிவிடும். வாரம் ஒரு முறை ஊசித்தட்டைக் கழற்றிப் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் சுரண்ட வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்காரர்கள் படியேற மாட்டார்கள் என்பது தனிக் கதை.

சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாளிப்புப் புகை பட்டுத் துணியில் ஏறும். அடுத்த வீட்டு அக்காவின் கல்யாணப் பட்டில் நம் வீட்டுக் கருவாட்டு வாசம் வீசக் கூடாது.

தாழ்வாரம் ஏழடி அகலம், பன்னிரண்டடி நீளம். முன்பு கம்பி கிராதி மட்டும் இருந்தது. இழுத்துத் திறக்கும் கண்ணாடி ஜன்னல் வைத்து அடைத்தோம். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது, நிழல் விழாத சீரான வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்வார்கள். அது குளிர் நாட்டுக் கணக்கு. எங்கள் ஊரில் சித்திரை பிறக்கும்போது சூரியன் உச்சிக்கு நேராக வந்து, ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்துதான் போகிறது. உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடுகிறது. ஆனால் வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் சாய்வெயில் உள்ளே வரும். அந்த மாதங்களில் பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுகிறேன். கட்டாமல் விட்டால், ஜன்னலோரம் மடித்து வைத்த கருநீலத் துணி மடிப்பு நெடுக வெளுத்துவிடும். ஆவணிக்குப் பிறகு கவலையில்லை. வாஸ்து பார்ப்பவர்கள் வேறு மூலையைக் காட்டினார்கள். அந்த மூலையில் ஜன்னல் இல்லை.

ஜன்னல் மிஷினுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். உட்கார்ந்து பார்த்தால் ஊசி இடப்பக்கம், சக்கரம் வலப்பக்கம். வெளிச்சம் வலமிருந்து வந்தால் மிஷினின் உடம்பே ஊசிமேல் நிழல் போடும். அதனால் எனக்கு இடப்பக்கம் ஜன்னல். பலர் ஜன்னலுக்கு நேர் எதிரே மிஷினைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறார்கள். தைத்த துணி பின்பக்கம் போக இடமில்லாமல் சுவரில் முட்டிச் சுருண்டு, அந்தச் சுருக்கம் தையலை இழுக்கும். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது வேண்டும். இடப்பக்கம் அதைவிடத் தாராளமாக வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது சேலை முழுவதும் இடப்பக்கம்தான் கிடக்கும். அது தரையில் தொங்கினால் அதன் கனமே துணியைக் கோணலாக இழுக்கும். மிஷின் பலகையின் உயரத்துக்கே ஒரு ஸ்டூல் செய்து இடப்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். இதற்குச் செலவழித்த பணம்தான் மொத்தச் செலவிலும் உருப்படியானது.

வெட்டுவதற்குத் தனிப் பலகை. தரையில் குனிந்து வெட்டிப் பழகியவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றும். நாற்பது வயது தாண்டினால் இடுப்பே பதில் சொல்லும். மிஷின் பலகை முப்பது அங்குல உயரம் என்றால், நின்று வெட்டும் பலகை முப்பத்தாறு அங்குலமாவது இருக்க வேண்டும். நான்கடிக்கு இரண்டரை அடி பிளைவுட்டைச் சுவரில் கீல் வைத்து மாட்டியிருக்கிறேன். வேலை முடிந்தால் மடித்துவிடலாம். ஒரு மீட்டர் ரவிக்கைத் துணியை லைனிங்கோடு சேர்த்து மடித்துப் போட இது தாராளம்.

தரை டைல்ஸ் என்பதால் கால் மிஷின் ஸ்டாண்டு மிதிக்க மிதிக்க நகரும். நான்கு கால்களுக்கும் கீழே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்ததில் நகர்வதும் நின்றது, அதிர்வும் குறைந்தது. மோட்டார் பொருத்திய பிறகும் மிதிக்கும் தோல் பெல்ட்டை நான் தூக்கிப் போடவில்லை. 2012 மின்வெட்டில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் தைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்றும் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஜன்னல் வெளிச்சமும் கால் மிதியும் இருந்தால் வேலை நிற்காது. இஸ்திரிப் பெட்டிக்குத் தனி பிளக் வைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் வாட் பெட்டி நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். மோட்டார், விளக்கு, மின்விசிறியோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகக் கூடாது.

இரவுக்கு ட்யூப்லைட் போடும்போது அது மின்விசிறிக்கு மேலே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கையின் நிழல் துணியில் வெட்டி வெட்டி ஓடினால் கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். நூல் மேட்சிங்கை மட்டும் எந்த விளக்கிலும் முடிவு செய்வதில்லை. மெரூனும் காப்பிக்கொட்டை நிறமும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் அக்கா தங்கை மாதிரி இருக்கும். காலையில் வாசலுக்குக் கொண்டுபோனால் சம்பந்தமே இருக்காது. நூல்கண்டிலிருந்து ஒரே ஒரு இழையை உருவித் துணிமேல் போட்டுப் பார்க்க வேண்டும். கண்டாகச் சேர்ந்திருக்கும்போது நூல் அடர்த்தியாகத்தான் தெரியும்.

எந்த இடம் தேறுகிறது என்பதை ஐப்பசியில் பாருங்கள். தீபாவளி வேலை தலைக்குமேல் இருக்கும் அதே நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். பகலிலேயே இருட்டு, சுவரில் ஈரம். மாசியில் அருமையாகத் தெரிந்த இடம் அப்போது வேறு முகம் காட்டும். தாழ்வாரம் வெளிச்சத்தில் தேறியது, ஈரத்தில் தேறவில்லை. வெளிச்சுவர் ஓதம் காக்கிறது. துணி அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த பிறகுதான் கரையான் பயம் குறைந்தது. ஊசித்தட்டில் துரு ஏறாமல் இருக்க, இரவில் ஒரு துணித்துண்டில் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுகிறேன். பல்லித் தொல்லையும் உண்டு. தைத்து முடித்த பட்டு ரவிக்கைகளை வெள்ளைப் பருத்தித் துணியால் மூடாமல் ஒரு ராத்திரிகூட விடுவதில்லை.

தெருப்பக்கத்திலிருந்து நேராக வரும் வழி இருப்பதால் அளவு ரவிக்கை கொண்டு வருகிறவர்கள் கூடத்தைக் கடக்க வேண்டியதில்லை. மூலையில் ஒரு திரையும் ஆளுயரக் கண்ணாடியும் இருக்கின்றன; போட்டுப் பார்த்து, தோள் இறங்குகிறது என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்.

துணி ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. அது வந்தால் வெட்டும் பலகை மடிகிற சுவர் பறிபோகும். பலகையைச் சக்கரம் வைத்த மேசையாக மாற்ற முடியுமா என்று தச்சரிடம் கேட்டிருக்கிறேன். அளவெடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.