ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த் பிசி வெர்ஷன்: கேம் தங்கம், காத்திருப்புதான் கொடுமை

2024 பிப்ரவரி 29ல பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் மெஷினுக்கு மட்டும் வந்துச்சு, பிசிக்கு 2025 ஜனவரி 23 வரைக்கும் கிட்டத்தட்ட 11 மாசம் காத்துக் கிடந்தோம், இந்தக் கதையோட முதல் பாகமான ரீமேக்கை பிசில முடிச்சவங்களுக்கு இது பாதிக் கதையில புக்கைப் பிடுங்கின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா கேம்? சத்தியமா சொல்றேன், அருமை. முதல் தடவை சோகோபோங்கிற பெரிய பறவை மேல ஏறி புல்வெளில ஓடுறப்ப அப்படியே நிறுத்திட்டு சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருந்தேன், அதுலயும் குவீன்ஸ் பிளட் சீட்டாட்டத்துல உக்காந்தா மெயின் கதையே மறந்துபோகும். சில மினிகேம் ரொம்ப இழுவை.

ஃபைனல் ஃபேன்டசி 16க்கும் இதே கதிதான், 2023 ஜூன்ல பிஎஸ்5, பிசிக்கு 2024 செப்டம்பர். ஒரே ஒரு கேமுக்காக இன்னொரு மெஷின் வாங்க எல்லாராலயும் முடியாதுங்க, ஒரே மெஷின்ல மட்டும் வெளியிடுற எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் போடுறவங்க அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும்.