தெள்ளுச் சீப்பு: ஷாம்பூ வாங்கும் முன் இதை வாங்குங்கள்

பருவம் மாறினால் போதும், எங்கள் வீட்டுக் கடுவன் வாலடியைக் கடித்துக் குதற ஆரம்பித்துவிடுவான். வாசற்படி தாண்டாத பூனை. "வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, இதற்குப் பூச்சி எங்கிருந்து வரும்? தோல் வறட்சியாகத்தான் இருக்கும்" என்று வந்தவர் போனவர் எல்லாரும் ஆளுக்கொரு ஷாம்பூவையும் எண்ணெயையும் சிபாரிசு செய்துவிட்டுப் போனார்கள். அவற்றால் அலமாரி நிறைந்தது. உருப்படியாகப் பயன்பட்டதைக் காட்டச் சொன்னால், உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த உலோகச் சீப்பைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பெயர் தெள்ளுச் சீப்பு. தலைப்பேன் வாரும் சீப்பின் உறவினன்தான். பிளாஸ்டிக் பல் உள்ளதும் கிடைக்கிறது, அதைத் தொடாதீர்கள். முடியின் அழுத்தத்தில் பல் விலகிக்கொடுத்துவிடும். தெள்ளுப்பூச்சி நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், உடம்போ பக்கவாட்டில் நசுக்கினாற்போல் தட்டை. ரோமக் காட்டுக்குள் நழுவி ஓடுவதற்கென்றே அமைந்த உடல் அது. கொஞ்சம் இடைவெளி கிடைத்தாலும் தப்பிவிடும். ஆகவே எஃகுப் பல், நெருக்கமான பல், முனை மழுங்கிய பல். வாங்கும்போது மணிக்கட்டின் உட்புறத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கீறினால் பூனைக்கும் கீறும்.

சீப்பின் உண்மையான வேலை வாருவதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாலுக்கு மேலே முதுகு முடிகிற இடத்தில் வாரினால் மிளகுத்தூள் போலக் கருப்புத் துகள்கள் வரும். வெறும் அழுக்காகவும் இருக்கலாம். அவற்றை ஈர வெள்ளைக் காகிதத்தில் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் ஊறினால், அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் பூனையின் செரித்த ரத்தம். எங்கள் சமையலறை விளக்கின் கீழே அந்த வளையம் மெல்ல விரிந்ததைப் பார்த்த பின், "தோல் வறட்சி" என்ற பேச்சு எங்கள் வீட்டில் அடங்கியது.

பூச்சியே கண்ணில் படவில்லையே என்பார்கள். படாது. அரிப்பெடுத்த பூனை நக்கி நக்கிப் பாதியை விழுங்கிவிடும். தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும், கழுத்திலும் முதுகிலும் கடுகு கடுகாகப் பொருக்குத் தட்டிவிடும். பூச்சி வரும் வழியும் ரகசியமல்ல: நம் செருப்பு, கால்சட்டை விளிம்பு, வந்துபோகும் நாய். முட்டைகள் ரோமத்திலிருந்து தரையில் உதிர்கின்றன. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் சில வாரங்களிலேயே அடுத்த தலைமுறை தயார். இல்லாவிட்டால் கூட்டுப்புழுவாகத் தரைவிரிப்பின் அடியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். பருவத்துக்குப் பருவம் தொல்லை திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உலர்ந்த காலத்தில் இதே சீப்பு வேறு செய்தி சொல்லும். ஹீட்டரோ ஏசியோ ஓடும் அறையில் காற்று வறண்டு, வெண்பொடுகு உதிரும். முதுகின் பின்பகுதியில் மட்டும் பொடுகு குவிந்தால் பூனையின் இடுப்பைப் பாருங்கள். பருத்த பூனைக்கும் மூட்டுவலி வந்த கிழப்பூனைக்கும் அந்த இடத்துக்கு நாக்கு எட்டாது. பொடுகைக் கருப்புக் காகிதத்தில் கொட்டி உற்றுப் பாருங்கள். நகர்கிறதா? அப்படியானால் அது பொடுகில்லை, தோலின் மேல் வாழும் ஒருவகை நுண்ணிய சிற்றுண்ணி. மனிதருக்கும் அரிப்பைத் தரும்.

பூனைக்குச் சீப்புப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள். கன்னத்தில் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வான். வாலடிக்குப் போனதும் முதுகுத் தோல் அலையலையாய்த் துடிக்கும், வால் தரையில் அறையும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும், அடுத்த இழுப்பு கையில்தான் முடியும். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம் இருக்கட்டும். சீப்பில் சிக்கிய பூச்சியை உடனே அதில் முக்காவிட்டால் துள்ளிப் போய்விடும்.

குறைகளும் உண்டு. நீளமுடிப் பூனைக்கு இது தண்டனை. முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுக்காமல் இதை வைத்தால் முடியோடு பிடுங்கும். பல் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் முடியும் அழுக்கும் அப்பிக்கொள்கின்றன, பழைய பல்துலக்கியால் தேய்த்தால்தான் போகின்றன. மகரந்தம், தூசி, உணவு இவற்றால் வரும் ஒவ்வாமையை இந்தச் சீப்பு காட்டாது, அது கால்நடை மருத்துவர் பாடு. கொசுக்கடிக்கு ஒவ்வாத பூனைகளுக்கு மூக்கின் மேலும் காதிலும் புண் வரும், அங்கே சீப்புக்கு வேலையே இல்லை. வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால் வாருவதையே நிறுத்துங்கள். படர்தாமரையாக இருந்தால் பூஞ்சை சீப்பில் ஏறி அடுத்த பூனைக்கும் உங்களுக்கும் வந்து சேரும்.

எனக்குக் கோபம் வந்தது அட்டைப்பெட்டியைப் பார்த்துத்தான். "அரிப்புக்கு முழுத் தீர்வு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொய். இது துப்புத் தருகிற கருவி, மருந்தாகாது. வளையம் தெரிந்தால் பூனைக்கென்றே உள்ள மருந்தை, அதன் எடைக்கேற்ற அளவில், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மீதமிருக்கிறதே என்று தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாகச் சிதைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். தேயிலைமர எண்ணெயும் பூனைக்கு விஷம்தான், "இயற்கையானது" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது பெட்டியின் அந்தப் பொய்க்காக. வீட்டில் யாரும் பயன்படுத்தாத எஃகுப் பேன் சீப்பு இருந்தால் கடைக்கே போக வேண்டாம், அதுவும் இதே வேலையைச் செய்யும். பூனைக்குக் கொடுத்தபின் மனிதத் தலைக்குத் திரும்ப எடுக்காமல் இருந்தால் சரி.